உள்ளே எதுவும் விடுபடவில்லை

விமானத்தை எடை போட்ட அன்று நான் அதற்குள் இருந்தேன்.

யாருமே இருந்திருக்கக் கூடாது. அப்படி யாரும் இல்லை, எதுவும் இல்லை என்று உறுதி சொல்வதற்கென்றே ஒரு படிவம் உண்டு. அதன் பெயரே 'உள்ளே எதுவும் விடுபடவில்லை'. எடைப் பிரிவின் தலைவர் விமானத்துக்குள் ஊர்ந்து போய், மறந்து வைத்த திருப்புளி, துடைக்கும் துணி, தேநீர்க் கோப்பை ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு, வெளியே வந்து அதில் கையெழுத்துப் போட வேண்டும். எடைப் பிரிவின் தலைவர் நான். பிரிவில் வேறு ஆள் கிடையாது என்பதால் தலைவர்.

நான் முதலில் கையெழுத்துப் போட்டேன், பிறகு பார்க்கப் போனேன். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். பாதிப் பேர் பார்க்கவே போகமாட்டார்கள். நான் போனேன். கடமை உணர்ச்சி மனிதனை எங்கெல்லாம் கொண்டு போய்ச் செருகும் என்பதற்கு நானே சாட்சி.

எங்கள் விமானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அதற்கு நாலு எழுத்தும் மூன்று எண்ணும் கொண்ட ரகசியப் பெயர் ஒன்று உண்டு. நாங்கள் கூப்பிடுவது தட்டான். நீளமான இறக்கை, ஒட்டிய உடம்பு, முன்னால் கண்ணாடிக் கண். அதன் வேலை எழுபதாயிரம் அடி உயரத்தில், அடுத்த நாட்டுக்காரன் கல்லெறிந்தாலும் எட்டாத இடத்தில் பறந்து, அவன் கொல்லைப்புறத்தைப் படம் பிடித்துக்கொண்டு வருவது. சுவரேறி எட்டிப் பார்த்தால் அநாகரிகம். எழுபதாயிரம் அடியிலிருந்து எட்டிப் பார்த்தால் பாதுகாப்பு.

அந்த உயரத்தில் காற்று என்பது பேருக்குத்தான். விமானம் ஊதினால் பறக்கிற எடையில் இருந்தால்தான் அங்கே நிற்கும். அரைக்கிலோ கூடினால் ஓர் அடி உயரம் போச்சு. ஆகவே நாலு வருடமாக நான் கிராம்களைத் துரத்திக்கொண்டிருந்தேன். ஆணிகளின் வால்களை வெட்டினேன். நல்ல தகடுகளில் ஓட்டை போட்டேன். விமானிக்கான சிறுநீர்க் குழாயில் நாலு விரல்கடை குறைத்தேன். அதற்காக விமானி என்னை இன்னும் மன்னிக்கவில்லை. அலுவலகத்தில் என்னைக் 'கிராம்' என்பார்கள். முகத்துக்கு நேராகவே.

அந்த விமானி என் மனைவியின் தம்பி.

சரி, எடை போட்ட நாள். தட்டானின் மூன்று சக்கரங்களுக்கும் கீழே மூன்று தராசு. கொட்டகைக் கதவுகளை அடைத்து மின்விசிறிகளை நிறுத்திவிட்டார்கள். அந்த இறக்கைக்குக் கீழே யாராவது பெருமூச்சு விட்டால்கூடத் தராசு முள் ஆடும். நான் கையில் சின்ன விளக்கோடு கேமரா அறைக்குள் இருந்தேன். கேமரா இன்னும் வரவில்லை, ஆகவே மடங்கி உட்கார ஓர் ஆளுக்கு இடம் இருந்தது. மூலையில் ஒரு வாஷர் கிடந்தது. இரண்டு கிராம்! புதையல் எடுத்தவன் மாதிரி அதைக் கையில் வைத்து நான் பூரித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் மூடி விழுந்தது. வெளியே இருந்து ஒவ்வொன்றாக ஸ்குரு முடுக்குகிற சத்தம். மொத்தம் முப்பத்தெட்டு ஸ்குரு.

"இருங்க, நான் இருக்கேன்" என்று கத்த வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து இயக்குநரின் குரல், தகட்டைத் துளைத்துக்கொண்டு வந்தது.

"வாங்க, வாங்க. எடை ஏற்புக் குழுவின் ஒன்பது உறுப்பினர்களும் ஒரே நேரத்தில வந்திருக்கிறது இதுதான் முதல் தடவை. எங்க எடைப் பிரிவுத் தலைவர் ஒரு கிராம் விடமாட்டார். உள்ளே எதுவும் விடுபடவில்லைன்னு அவரே கையெழுத்துப் போட்டிருக்கார், பாருங்க."

கைதட்டல் கேட்டது.

இப்போது சொல்லுங்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவே, பாராட்டப்படுகிற ஆள் விமானத்தின் வயிற்றுக்குள்ளிருந்து தட்டினால் எப்படி இருக்கும்? எனக்கு வாய் வரவில்லை. ஐந்து நிமிட வேலைதானே, முடிந்ததும் தலைமை வடிவமைப்பாளர் காதோடு சொன்னால் என் எடையைக் கழித்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். என் எடை எனக்குத் தெரியும். எழுபத்தொரு கிலோ. மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டேன். மூச்சைப் பிடித்தால் எடை குறையாது என்பதைத் தொழில்முறையாக அறிந்தவன் நான். இருந்தாலும் பிடித்தேன்.

"ஆறாயிரத்து நானூற்றுப் பதினொண்ணு" என்றது ஒரு குரல்.

வரம்பு ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது.

"எழுபத்தொரு கிலோ கூட" என்றார் இயக்குநர். "கிராம் எங்க?"

"டீ குடிக்கப் போயிருப்பார் சார்" என்றார் தலைமை வடிவமைப்பாளர்.

பேனாக்கள் கிறுக்கும் சத்தம் ஒன்பது முறை கேட்டது. பிறகு செருப்புச் சத்தங்கள், விழாவுக்கென்று கேக் வாங்கி வைத்திருந்த அறைப் பக்கமாகப் போயின.

மூடியைத் திறந்தது திருப்புளி அக்கா. எங்கள் கொட்டகையின் மூத்த மெக்கானிக். கொண்டையில் எப்போதும் ஒரு திருப்புளி செருகியிருக்கும். அவரைவிடப் பத்து வயது பெரியவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சார்?"

"அக்கா."

"எவ்வளவு நேரமா?"

"நீங்க மூடினதிலேருந்து."

அக்கா என் கையைப் பிடித்து இறக்கினார். நான் ஒரு காலை வெளியே வைத்தேன், தராசு இறங்கியது. இன்னொரு காலையும் வைத்தேன். ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது. சொல்லி வைத்த மாதிரி அதே எண். நாலு வருடமாகக் கிராம் கிராமாகச் செதுக்கி எந்த எண்ணுக்காக நான் தூக்கத்தை விட்டேனோ, அதே எண். அதைப் பார்த்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தனுக்குச் சொல்ல வெட்கம், இன்னொருத்தரைக் கேட்க ஆளில்லை.

நான் ஓடினேன். கேக் வெட்டிய அறையில், ஒன்பது கையெழுத்துப் போட்ட தாளை மை காய்வதற்குள் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஒட்டிவிட்டிருந்தார்கள். தலைமை வடிவமைப்பாளரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன். நெடிய மனிதர், கழுத்தை நீட்டி ஒற்றைக் காலில் சாய்ந்து நிற்பார், அதனால் கொக்கு. கொக்குக்கு ஒன்றே மதி என்பார்கள். எங்கள் கொக்கின் ஒரே மதி, எதற்கும் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடக் கூடாது என்பது.

"சார், அந்த எழுபத்தொரு கிலோவுக்குக் காரணம் நான்தான்."

"நாம எல்லாருமே ஒரு வகையில காரணம்தான்" என்றார் கொக்கு, கண் கலங்க.

"இல்ல சார். நிஜமாவே நான். என் உடம்பு."

"ரொம்ப உழைச்சிட்ட. உடம்பைப் பாத்துக்கோ" என்று என் தோளில் தட்டி, கையில் ஒரு கேக் துண்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் அதைத் தின்றேன். அதுவும் ஒரு எண்பது கிராம் இருக்கும்.

மறுநாள் குழு கூடியது. எழுபத்தொரு கிலோவை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் பேச்சு. நான் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு நிமிடமும் எழுந்து சொல்லப்போகிறவன் மாதிரியே இருந்தேன்.

"பெயிண்ட் இருபத்தெட்டு கிலோ" என்றார் ஓர் உறுப்பினர்.

"அந்த நீலத்தை நானே தேர்ந்தெடுத்தேன்" என்றார் இயக்குநர். பெயிண்ட் பேச்சு அத்தோடு முடிந்தது.

"பித்தளைப் பலகை நாலு கிலோ."

அது குழு உறுப்பினர்கள் ஒன்பது பேரின் பெயர் பொறித்த பலகை. அறையில் கொஞ்ச நேரம் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"கேமராவை வைக்காமலே விட்டுட்டா?" என்றார் இன்னொருவர்.

"அப்புறம் எதுக்கு சார் மேல போறது?"

"உயரம்தான் முக்கியம்னு நீங்கதானே சொன்னீங்க?"

அதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள். கடைசியில் ஒருவர், விமானியின் தப்பிக்கும் இருக்கையைக் கண்டுபிடித்தார். ஆபத்து என்றால் விமானியோடு சேர்த்து வெளியே பாய்ந்து, குடை விரித்து இறங்குகிற இருக்கை அது. எண்பது கிலோ. அதை எடுத்துவிட்டு ஒன்பது கிலோவில் ஒரு நாற்காலி போட்டால் எழுபத்தொன்று மிச்சம். கணக்கு கனகச்சிதமாக வந்தது. என் எடைக்குச் சரியாக.

"அந்த சீட்டை இதுவரைக்கும் யாராவது பயன்படுத்தியிருக்காங்களா?" என்று கேட்டார் இயக்குநர்.

"விமானம் இன்னும் பறக்கவே இல்லையே சார்."

"அப்ப பயன்படுத்தலை. எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள். அன்று மாலையே இருக்கையைக் கழற்றி, துணி போட்டு மூடி, பண்டக அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். முதல் உயரப் பறப்புக்கு இன்னும் இருபது நாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தான். மச்சினன் என்று எழுதினால் சரியாக இருக்கும். நான் கூப்பிடுவது மாப்ள என்று, அவன் என்னைக் கூப்பிடுவது மாமா என்று. முப்பத்தொரு வயது. சிரித்துக்கொண்டே பிறந்தவன். எங்கள் கல்யாணத்தில் மேடைக்குக் கீழே ஒளிந்துகொண்டு என் செருப்பு வாரை ஒன்றோடொன்று முடிந்து வைத்தது அவன்தான்.

என் மனைவி எனக்குப் பாதி வயிறு பரிமாறிவிட்டு நிறுத்தினாள். நான்தான் நிறுத்தச் சொல்லியிருந்தேன். எடை போட்ட நாளிலிருந்து நான் சாப்பாட்டைக் குறைத்திருந்தேன், உடம்பு குறைந்தால் குற்றமும் குறையும் என்பது மாதிரி.

"பாருடா உங்க மாமாவை. தினம் தராசுல ஏறி நிக்கிறாரு. நாப்பத்தாறு வயசுல திடீர்னு உடம்பைக் குறைக்கிறாரு." என் பக்கம் திரும்பினாள். "யாருங்க அவ?"

"அக்கா, மாமாவை எவளாவது தூக்கிட்டுப் போனாலும் எடை பாத்துட்டு திருப்பிக் கொண்டுவந்து விட்டுடுவா."

"நீ சாப்பிடு. என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். இவன் ஏறிப் போகப்போற வண்டி நல்ல வண்டிதானே?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தண்ணீர் குடித்தேன்.

"ஏற்றுக்கொள்ளப்பட்ட வரம்புகளுக்கு உட்பட்டு…" என்று ஆரம்பித்தேன்.

"ஆரம்பிச்சிட்டாரு! கல்யாணத்துக்குச் சம்மதமான்னு கேட்டப்பவும் இப்படித்தான் ஏதோ சொன்னீங்க. பதினாலு வருஷமா அது ஆமாவா இல்லையான்னு யோசிச்சிக்கிட்டு இருக்கேன். ஒரு கேள்விக்கு நேரா பதில் சொல்லத் தெரியாதா உங்களுக்கு?"

"அக்கா, விடு. மாமா போட்ட எடை. ஒரு கிராம் தப்பாது. அவர் ஒரு எண் சொன்னா நான் கண்ணை மூடிக்கிட்டு ஏறி உக்காருவேன்."

சாப்பிட்டு முடித்து இருவரும் கை கழுவப் போனோம். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அவன் குரலைத் தாழ்த்தினான்.

"மாமா, சீட்டை எடுத்தது எனக்குப் பிடிக்கல. உங்ககிட்ட மட்டும் சொல்றேன். ஆனா எழுபத்தொரு கிலோ அதிகம்னா அதிகம்தானே? மனுஷனோட சண்டை போடலாம், எண்ணோட போட முடியுமா? அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அந்த எண் அவன் பக்கத்தில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் அவன் முகம் எப்படி மாறும் என்று நினைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் சாப்பிட்டிருக்கலாமே நீ" என்றேன்.

திங்கட்கிழமை கொக்கின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சுற்றி வளைக்காமல் சொன்னேன். மூடி, முப்பத்தெட்டு ஸ்குரு, வாஷர், எல்லாம். சட்டைப் பையிலிருந்து அந்த வாஷரையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். கொக்கு அதைப் பார்த்தார். கழுத்தை நீட்டி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு காலை மாற்றிக்கொண்டார்.

"நீ சொன்னது எதுவும் என் காதுல விழல. ஆனா விழுந்திருந்தா, கொள்கை அளவுல அதுல நியாயம் இருக்குன்னு நினைச்சிருப்பேன்."

"சீட்டைத் திரும்ப வைக்கலாமா சார்?"

"வைக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

"அப்ப வைக்கலாம்?"

"வைக்கலாம்னும் யாரும் சொல்லலை, பாரு."

குழுவின் செயலாளரிடம் அனுப்பினார். செயலாளர் நெற்றியில் ஒரு மூக்குக்கண்ணாடியும் மூக்கில் ஒன்றுமாக இருக்கிற அம்மாள். கோப்பை எடுத்து, ஒரு கண்ணாடியை இறக்கி, இன்னொன்றை ஏற்றி, படிவத்தைக் காட்டினார்.

"இது யாரு கையெழுத்து?"

"என்னோடது."

"என்ன எழுதியிருக்கு?"

"உள்ளே எதுவும் விடுபடவில்லை."

"அப்ப கோப்புப்படி நீங்க உள்ள இல்லை."

"நான் உள்ளேதாம்மா இருந்தேன்."

"இருந்தீங்கன்னா அது பொய்க் கையெழுத்து. இல்லைன்னா இது பொய்ப் புகார். எதுன்னு முடிவு பண்ணிக்கிட்டு வாங்க. ரெண்டுக்கும் படிவம் வேற வேற. அப்புறம் மறுபடி எடை போடணும்னா ஒன்பது பேரும் கையெழுத்துப் போடணும். அதுல ரெண்டு பேர் வெளிநாட்டுல இருக்காங்க, ஒருத்தர் ஓய்வு பெற்றுட்டார்."

"பறக்கிற நாளுக்கு முன்னாடி நடக்குமாம்மா? அதை மட்டும் சொல்லுங்க."

"நடக்காதுன்னு சொல்லமாட்டேன்" என்றார் அந்த அம்மாள். அவர் சொன்னதிலேயே மனிதாபிமானமான வாக்கியம் அதுதான்.

நான் இயக்குநருக்கு எழுதினேன். கைப்பட மூன்று பக்கம். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது: 'எடைப் பிரிவுத் தலைவர் தம் எடை குறித்துக் காட்டியுள்ள அக்கறையைப் பாராட்டுகிறோம். அவர் மேற்கொண்டுவரும் எடைக் குறைப்பு முயற்சிகள் ஏனைய ஊழியர்களுக்கு முன்மாதிரியாகத் திகழ்கின்றன.' அதை அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியிருந்தார்கள். உண்மையில் நான் அப்போது அறுபத்தெட்டுக்கு வந்திருந்தேன். மூன்று கிலோ. இருக்கையின் இடுப்பு வார் ஒன்றைத் திரும்ப வைக்கலாம், அவ்வளவுதான்.

பறப்புக்கு முதல் நாள் பண்டக அறைக்குப் போனேன். எதற்கென்று தெரியாது; கால்கள் கூட்டிக்கொண்டு போயின. இருக்கை துணி விலகி நின்றது. அதன் முன்னால் முழங்காலிட்டு, கையில் கிரீஸ் டப்பாவோடு திருப்புளி அக்கா.

"என்ன அக்கா பண்றீங்க?"

"எண்ணெய் போடறேன். வாரா வாரம் போடறேன். சும்மா கெடந்தா இறுகிடும்ல."

"எதுக்கு? எடுத்தாச்சே."

"திரும்ப வைக்கச் சொல்வாங்கன்னுதான்."

"யாரு சொல்வாங்க?"

"நீங்கதான்" என்றார் அக்கா, தலையைத் தூக்காமல்.

நான் அங்கே கிடந்த பெட்டியில் உட்கார்ந்தேன். "எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் அக்கா. யாரும் ஆமாங்கலை, இல்லைங்கலை. இன்னும் அழுத்திச் சொன்னா, உள்ள பாக்காம மூடினது யாருன்னு கேப்பாங்க. உங்களை மாட்டிவிடக் கூடாதுன்னுதான்…"

அக்கா எழுந்து நின்றார். கொண்டையிலிருந்து திருப்புளியை உருவி என் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"என்னைக் காப்பாத்துங்கன்னு நான் உங்ககிட்ட மனு போட்டேனா? முப்பத்தெட்டும் நான்தான் முடுக்கினேன். யார் கேட்டாலும் சொல்வேன். நீங்க பயப்படறது எனக்காக இல்ல சார். உங்க மச்சான் மூஞ்சிக்காக."

நான் கிரீஸ் டப்பாவை எடுத்து மூடினேன்.

"எல்லார்கிட்டயும் சொன்னேங்கறீங்க. எல்லாரும் உக்காந்திருக்கிறது தரையில. மேல உக்காரப் போறவர்கிட்ட சொன்னீங்களா?"

மறுநாள் காலை எட்டு மணி. உடுப்பு அறை. எழுபதாயிரம் அடிக்குப் போகிற ஆளைச் சட்டென்று அனுப்பிவிட முடியாது. ரத்தத்தில் கரைந்திருக்கிற நைட்ரஜன், உயரம் போனதும் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழியாகிவிடும். ஆகவே ஒரு மணி நேரம் முன்னதாகவே காற்றுப் புகாத உடுப்புக்குள் போட்டு, வெறும் ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கிறார்கள். மாப்பிள்ளை பெரிய சாய்வு நாற்காலியில், பஞ்சு அடைத்த பொம்மை மாதிரி உப்பிப் படுத்திருந்தான். கண்ணாடி மூடிக்குப் பின்னால் இரண்டு கண்கள் தெரிந்தன. என்னைக் கண்டதும் ஒரு கண் சிமிட்டியது.

"குடும்பத்து ஆளுங்கறதால ரெண்டு நிமிஷம்" என்றார் மருத்துவர். "மூடியைத் திறக்க முடியாது. இந்த மைக்ல பேசுங்க. அவரைச் சிரிக்க வைக்காதீங்க, மூச்சுக் கணக்கு கெட்டுடும்."

மைக்கைக் கையில் வாங்கினேன். சின்ன மைக். முப்பது கிராம் இருக்கும்.

"டாக்டர், இதுல பேசினா அவனுக்கு மட்டும்தானே கேக்கும்?"

"எல்லா இடத்துலயும் கேக்கும். கட்டுப்பாட்டு அறை, கொட்டகை, குழு உறுப்பினர்கள் உக்காந்திருக்கிற மாடி, எல்லாத்துலயும் ஸ்பீக்கர் இருக்கு."

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கொட்டகை தெரிந்தது. தட்டான் தன் நீல இறக்கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தது. கீழே திருப்புளி அக்கா ஒரு தள்ளுவண்டியோடு நின்றிருந்தார். வண்டியில் துணி மூடிய ஏதோ ஒன்று. துணிக்குள் என்ன என்பது எனக்குத் தெரியும். மேலே மாடியில் கொக்கின் கழுத்து தெரிந்தது.

திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். 'நல்லபடியா போய்ட்டு வா மாப்ள' என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய், ஏற்றுக்கொள்ளப்பட்ட வரம்புகளுக்கு உட்பட்டு உட்கார்ந்திருக்கலாம். என் மனைவியின் தம்பி. அவள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"மாப்ள" என்றேன். என் குரல் கொட்டகை முழுக்கத் திரும்பி வந்து என் காதிலேயே விழுந்தது. "எடை போட்டப்ப எழுபத்தொரு கிலோ கூட வந்துச்சே, அது நான். நான் அப்ப உள்ள இருந்தேன், கேமரா அறையில. பாக்கறதுக்கு முன்னாடியே கையெழுத்துப் போட்டுட்டேன். மூடினப்ப கத்தியிருக்கலாம். எல்லாரும் கைதட்டிட்டு இருந்தாங்க, வெட்கமா இருந்துச்சு, சும்மா இருந்துட்டேன். நான் இறங்கினதும் முந்நூத்தி நாப்பதுதான் காட்டிச்சு. வண்டி சரியான எடைதான். உன் சீட்டை எடுத்திருக்கவே வேண்டாம். சீட்டு இருந்த இடத்துல இப்ப இருக்கிறது என் வெட்கம்தான்டா."

கட்டுப்பாட்டு அறையில் யாரோ ஏதோ உருட்டிவிட்டது கேட்டது. மாடியில் தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தன. மருத்துவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் அவன் மூச்சு மட்டும். உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே.

"உங்க அக்கா நேரா ஒரு பதில் கேட்டா, நான் சொல்லல. அதே பதிலை நான் ஊரெல்லாம் கேட்டேன், எனக்கு யாரும் சொல்லல. கேக்க வேண்டிய ஆள் நீதான்னு நேத்துதான் புத்தி வந்துச்சு. மாப்ள, இதை இப்படியே எடுத்துக்கிட்டு மேல போவியா?"

கண்ணாடிக்குப் பின்னால் அவன் கண்கள் என்னை விட்டு நகரவில்லை. அதில் கோபம் வந்து நின்றதைப் பார்த்தேன். நியாயமான கோபம். அது கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு உப்பிய உடுப்புக்குள் தோள்கள் லேசாகக் குலுங்க ஆரம்பித்தன.

"சிரிக்க வைக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா?" என்றார் மருத்துவர்.

ஸ்பீக்கர் கரகரத்தது.

"மாட்டேன்" என்றான் மாப்பிள்ளை. "சீட்டை வைங்க. மறுபடி எடை போடுங்க. இந்தத் தடவை நீங்க வெளிய நில்லுங்க மாமா."